வானத்திலிருந்து மச்சானுடன் ஒரு சண்டை

எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கூரையில் இப்போது ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அவசர அழைப்பு வந்ததும் பெட்டியின் மூடி தானாகத் திறக்கிறது. உள்ளேயிருக்கும் ட்ரோன் தானாகக் கிளம்பி, ஏரிக்கோ வயலுக்கோ போய் நின்று படம் அனுப்புகிறது. வேலை முடிந்ததும் தானாகவே திரும்பி வந்து படுத்துக்கொள்கிறது. இந்தப் புதுமையைப் பார்க்க வரச்சொல்லி நிலையத்து இளையவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். கேக்கும் கோப்பியும் தந்துவிட்டு, "யேஸ், நீ கையால் ஓட்டிய காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். டேனிஷில் சொன்னேன். சிரிக்கக்கூடாத இடங்களில் சிரித்தார்கள். சிரிக்கவேண்டிய இடத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரே கூடியிருக்கும்போது ஒரு மனிதன் சமைத்த கறியைக் குறை சொல்வது எத்தனை பெரிய காரியம் என்பதை டேனிஷில் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

என் முழுப்பெயர் யேசுதாசன். மன்னார்க்காரன். யேஸ் என்று டேனிஷ்காரரிடம் உண்மையாகவே ஒரு பெயர் இருப்பதால், மனச்சாட்சி உறுத்தாமல் என்னைச் சுருக்கிவிட்டார்கள். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் பக்கத்துச் சின்ன ஊர்களில் தீயணைப்பை முழுநேர வேலையாகச் செய்பவர்கள் குறைவு. பேக்கரியில் பாண் போடுபவர், மின்சார வேலை செய்பவர், என்னைப்போலத் தொழிற்சாலையில் நிற்பவர் எல்லோரும் இடுப்பில் ஒரு பேஜரைச் செருகிக்கொண்டு திரிவோம். அது கத்தினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். நான் இதில் சேர்ந்ததற்குப் பெரிய இலட்சியம் எதுவும் காரணமில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர் யார் என்று தொழிற்சாலையில் கேட்டார்கள். யாரையோ காரில் ஏற்றிப்போகச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்க வெட்கமாக இருந்தது.

நெருப்பு எனக்குப் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. சூடுதானே. உறைந்த ஏரிதான் சிக்கல். ஒவ்வொரு குளிர்காலமும் பனிக்கட்டியை வெட்டித் திறந்து, எங்களை அதற்குள் இறக்கிப் பயிற்சி தருவார்கள். உடம்பு முழுவதையும் மூடும், தண்ணீர் புகாத உடுப்பு ஒன்று உண்டு. போட்டதும் குந்தியிருந்து, உள்ளே அடைபட்ட காற்றைக் கழுத்துப் பக்கத்தால் வெளியேற்றவேண்டும். முதல் முறை நான் அதை மறந்துவிட்டேன். காற்று முழுவதும் காலுக்குப் போனது. என் கால்கள் இரண்டும் மேலே வந்தன, தலை கீழே போனது. எங்கள் அணித்தலைவர் பிரெபன் கரையில் நின்று அமைதியாகச் சொன்னார்: "யேஸ், மற்றப் பக்கம்."

பிரெபனைப்பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நெட்டையான மனிதர். கத்தமாட்டார், ஓடமாட்டார். கோபம் வந்தால் கையுறைகளைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாக மடித்து, பொக்கற்றுக்குள் வைப்பார். கையுறை கழன்றால் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அவருடைய ஒழுங்கு ஒன்றுதான்: பனிக்கட்டியின்மேல் ஒருவர் மட்டுமே போகலாம். அந்த ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, மிதக்கும் பலகையில் குப்புறப் படுத்து, தவழ்ந்து போகவேண்டும். மற்றவர்கள் கரையில் நிற்கவேண்டும். "நிற்பதும் வேலைதான். அதைச் செய்யத்தான் ஆட்கள் இல்லை" என்பார். பயிற்சியில் எங்கள் ஒவ்வொருவரையும் ஒருமுறை தண்ணீருக்குள் விழுந்தவராக நடிக்க வைத்துவிட்டு, வேண்டுமென்றே கரையில் நின்று ஆற அமரக் கோப்பி ஊற்றுவார். தண்ணீரில் கிடப்பவனுக்கு நேரம் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதை நாங்கள் அறியவேண்டுமாம். எனக்கு அந்தக் கோப்பி வாசம் இன்றைக்கும் பிடிக்காது.

வயது போய், முழங்காலும் பழுதான பிறகு, புகைக்குள் போகும் வேலையிலிருந்து என்னை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில்தான் நிலையத்துக்கு ட்ரோன் வந்தது. யார் ஓட்டுவது என்று பிரெபன் கேட்டார். ஓட்டுபவர் ஹீற்றர் போட்ட வாகனத்துக்குள் இருந்து ஓட்டலாம் என்று அறிவுறுத்தலில் ஒரு வரி இருந்தது. கூட்டத்தில் அந்த வரிவரைக்கும் வாசித்திருந்தவன் நான் ஒருவன்தான். உடனே ஒப்புக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, குளிரில் பற்றறி சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே மேலதிக பற்றறிகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கவேண்டும் என்று. ஓட்டுபவரின் உடம்புச் சூட்டில். குளிர்காலம் முழுவதும் இரண்டு அக்குளிலும் பற்றறி வைத்துக்கொண்டு, இறக்கை மடித்த கோழியாகத் திரிந்தேன்.

ட்ரோனில் சாதாரணக் கமெராவோடு, சூட்டைப் பார்க்கும் கமெரா ஒன்றும் இருந்தது. அதில் குளிரானது கறுப்பாகவும் சூடானது வெள்ளையாகவும் திரையில் தெரியும். கீழே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. மிதவை வளையம் ஒன்றைக் கொண்டுபோய்ப் போடவும் முடியும். முதல் குளிர்காலத்தில் வந்த அழைப்பில், ஏரியில் ஒருவர் பனிக்கட்டிக்குள் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அனுப்பினேன். ஓட்டைக்குள் ஒரு வெள்ளைத் தலை. நான் பதறிப்போய், "பயப்படவேண்டாம், உதவி வருகிறது, அசையாதீர்கள்" என்று டேனிஷில் அறிவித்து, வளையத்தையும் தலைக்குப் பக்கத்தில் போட்டேன். அந்தத் தலைக்குச் சொந்தக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை. குளிர்நீரில் குளிப்பது அவருக்குப் பழக்கம். தன் கையாலேயே வெட்டிய ஓட்டை. எழுந்து நின்று வளையத்தைத் தூக்கி ட்ரோனுக்கு எறிந்தார். உடம்பில் தொப்பியைத் தவிர வேறொன்றும் இல்லை. பிரெபன் திரையை மெதுவாக என் பக்கத்திலிருந்து திருப்பிவிட்டார். தன் பக்கத்துக்கும் திருப்பவில்லை. சுவரைப் பார்க்க வைத்தார்.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன். அதற்கு என் மச்சான் பீலிக்ஸைத் தெரிந்திருக்கவேண்டும். என் மனைவி ரீற்றாவின் அண்ணன், எனக்கு ஒத்த வயது. எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் ஆட்டிறைச்சிக் கறி அவன்தான் வைப்பான். அதில் அவனுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. அவனுடைய மகன் கோவிலில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில் நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேஜர் அடித்தது. சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். எரிந்தது கடை ஒன்றின் பின்பக்கத்துக் குப்பைத்தொட்டி. திரும்பி வந்தபோது பீலிக்ஸ் வாசலில் நின்றான். "என்ரை வீட்டுச் சாப்பாட்டிலை பாதியிலை எழும்பிப் போறியோ? குப்பைத்தொட்டி என்னைவிடப் பெரிசோ? நீ உவங்களுக்கு வாளி தூக்குற வேலைக்காரன்!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அந்தக் கடைசி வசனம் எனக்குச் சுட்டுவிட்டது. இருவரும் பேச்சை விட்டோம். வருடக்கணக்காக. பூசையில் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால், கை கொடுக்காமல் தப்புவதற்காக அவன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவான். அவன் போட்டிருப்பது கயிறில்லாத சப்பாத்து.

அவனுடைய மகளின் கல்யாணத்துக்கும் ரீற்றா தனியாகத்தான் போனாள். கல்யாணம் முடிந்து அடுத்த சனிக்கிழமை, அல்பத்துக்கு உறைந்த ஏரிக்கரையில் படம் எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அதற்கும் போனாள். நான் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பேஜர் அடித்தது.

நிலையத்தில் பிரெபன் செய்தியை வாசித்தார். "ஏரி. ஒருவர் தண்ணீரில். கரையில் நிறைய ஆட்கள்." சிறிது நிறுத்தி, "எல்லோரும் பட்டுத்துணி உடுத்தியிருக்கிறார்களாம்" என்றார். ரீற்றா போன ஏரி.

நடந்தது இதுதான் என்று பிறகு அறிந்தேன். பனிக்கட்டியில் போகத் தடை என்று நகரசபை நட்ட பலகை கரையில் நின்றது. மணப்பெண் இங்கே பிறந்து வளர்ந்தவள். "அப்பா, பலகை இன்னும் நிற்கிறது" என்று டேனிஷில் சொல்லியிருக்கிறாள். "அது உவங்கள் எடுக்க மறந்துபோனாங்கள். இஞ்சை பார்!" என்று பீலிக்ஸ் ஏரிக்குள் நடந்துபோய், பனிக்கட்டியின்மேல் குதித்துக் காட்டினான். ஒன்றும் ஆகவில்லை. வீடியோக்காரன் யோகனுடைய கமெராவைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்தான். பிறகு, தெளிவாகப் பதியட்டும் என்று, இன்னொரு தடவை குதித்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் நான் ட்ரோனை ஏற்றினேன். திரையைப் பார்த்தேன். கறுத்த ஓட்டையில் ஒரு வெள்ளைத் தலை. அதை நோக்கி ஒரு கூட்டமே போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களில் ஒருவருக்கு ஒன்றென்றால் எல்லோரும் போவோம். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் வார்டு நிரம்பப் போவோம், செத்தவீடென்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போவோம். இந்த நல்ல குணம் மெல்லிய பனிக்கட்டியில் ஆட்களைக் கொல்லும். சித்தப்பாமார், மாமிமார், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் போனார்கள். எல்லோருக்கும் முன்னால், கயிறாகப் பாவிக்க யாருடையதோ சேலை ஒன்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் ரீற்றா போனாள்.

பிரெபன் கை ஒலிபெருக்கியில் டேனிஷில் சொன்னார். ஒருவரும் திரும்பவில்லை. "யேஸ், நீ சொல்" என்றார். நான் ட்ரோனின் ஒலிபெருக்கியில், "கிட்டப் போகாதேங்கோ! திரும்பி வாங்கோ! ஐஸ் உடையப்போகுது!" என்று கத்தினேன். ஒரு மாமி அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டார். போட்டுவிட்டு இன்னும் வேகமாக நடந்தார். பிரெபன் ஒரு கையுறையைக் கழற்றினார்.

அப்போது கரையில் வாய் பிளந்து நின்ற யோகனைக் கண்டேன். கல்யாணத்தன்றும் அதற்குப் பிறகும் இந்தக் கூட்டம் முழுவதும் அவனுடைய சொல்லுக்குத்தான் ஆடியது என்று ரீற்றா சொல்லியிருந்தாள். கோவிலில் பூசை வைத்த சுவாமியாருக்குக்கூட அவ்வளவு மரியாதை இல்லையாம். யோசிக்க நேரமில்லை. எத்தனையோ விசேஷங்களில் கேட்ட அவனுடைய குரலை அப்படியே எடுத்தேன். "பொம்பிளை பகுதி ஆக்கள் எல்லாரும் கரைக்கு வாங்கோ! குறூப் படம்! உயரமான ஆக்கள் பின்னுக்கு, கட்டையான ஆக்கள் முன்னுக்கு! கெதியா!"

சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பினார்கள். தலை யோசிப்பதற்கு முன்னர் கால்கள் திரும்பிவிட்டன. சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி மாமிமார் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், தங்களைக் கூப்பிடாத குறை முகத்தில் தெரிய, பின்னால் வந்தார்கள். கரைக்கு வந்து, என்ன செய்துவிட்டோம் என்று விளங்கி அவர்கள் கத்திக் குழறத் தொடங்கியபோது, எங்கள் அணியினர் குறுக்கே கயிறு கட்டி முடித்திருந்தார்கள்.

ரீற்றா மட்டும் திரும்பவில்லை. அவளுக்கு என் குரல் தெரியும். ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள். "ரீற்றா," என்றேன், "உம்மடை அண்ணையை நான் பாக்கிறன். நீர் கரைக்குப் போம். உங்கை நிண்டால் ரெண்டு பேரும் இல்லை எனக்கு." அவள் சேலையைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு நடந்தாள். அவள் கரையை மிதிக்கும்வரை திரையில் அவளையே பார்த்தேன்.

எங்கள் அணியில் பலகையில் போகவேண்டியவள் லீனெ. பகலில் பாண் போடுபவள், கையில் நல்ல பலம். அவள் படுத்துத் தவழத் தொடங்கினாள். பனிக்கட்டி அவளுக்குக் கீழே உடைந்து உடைந்து போனதால் ஒவ்வொரு முழமும் போராட்டமாக இருந்தது. நான் மிதவை வளையத்தைக் கொண்டுபோய்ப் பீலிக்ஸுக்குப் பக்கத்தில் போட்டேன். பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கைகளையும் பனிக்கட்டி விளிம்பில் போட்டபடி தொங்கினான். கண்கள் மூடிக்கொண்டு வந்தன.

"அவரை விழிப்பாக வைத்திரு. அவரோடு கதை" என்றார் பிரெபன்.

"நானும் அவரும் கதைப்பதில்லை" என்றேன்.

பிரெபன் என்னைப் பார்த்தார். மற்றக் கையுறையையும் கழற்றி, இரண்டையும் மடித்து, பொக்கற்றில் வைத்தார். "இன்றைக்குத் தொடங்கு" என்றார்.

"மச்சான்," என்றேன். அசைவில்லை. "மச்சான், ஆள் வருது, கண்ணை முழி." அசைவில்லை. கெஞ்சினால் இவன் எழும்பமாட்டான் என்று எனக்குத் தெரியும். இவனை எழுப்ப உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. "டேய் பீலிக்ஸ்! அண்டைக்கு நான் பாதியிலை எழும்பினது பேஜர் அடிச்சதாலை எண்டே நினைச்சுக்கொண்டிருக்கிறாய்? உன்ரை இறைச்சிக் கறி வாயிலை வைக்கேலாத உப்பு!"

ஏரி முழுவதும் அது எதிரொலித்தது. வரிசையாக நின்ற மாமிமார் வாயைப் பொத்தினார்கள். பீலிக்ஸின் கண் திறந்தது. தலை நிமிர்ந்தது. வாய் அசையத் தொடங்கியது. சூட்டுக் கமெராவில் அவனுடைய முகம் இன்னும் வெள்ளையாக மாறியதைக் கண்டேன். அப்படித் தெரிய நியாயமில்லை என்று இளையவர்கள் இப்போது சொல்கிறார்கள். நான் கண்டேன்.

"கையைத் தூக்காதை! வாயாலை மட்டும் பேசு! உப்பு மட்டுமில்லை, தேங்காய்ப்பாலும் காணாது! ஆடு காணாதெண்டு உருளைக்கிழங்கு போட்டுப் பெருப்பிச்சனி!"

கரையில் ஒரு சித்தப்பா, "அது பொய், நல்ல கறி!" என்று எனக்கு எதிராகக் குரல் கொடுத்தார். இன்னொருவர் உப்பு உண்மைதான் என்றார். பிரெபன் என் தோளருகே குனிந்து, "அவரிடம் என்ன சொல்கிறாய்?" என்று கேட்டார். "அவருடைய சமையல் சரியில்லை என்று." பிரெபன் திரையைப் பார்த்தார். பீலிக்ஸ் வாயை ஆவேசமாக அசைத்துக்கொண்டிருந்தான். "நன்றாக வேலை செய்கிறது. வேறென்ன சமைப்பார்?" என்றார்.

கத்தரிக்காயைச் சொன்னேன், கட்லட்டைச் சொன்னேன், ரம்பை இலை போடாத சோற்றைச் சொன்னேன். ஒன்றும் உண்மையில்லை. அவனைப்போலச் சமைப்பவன் டென்மார்க்கிலேயே கிடையாது. ஆனால் அவனுடைய வாய் மெல்ல மெல்ல ஓயத் தொடங்கியது. தாடை தண்ணீரில் பட்டது. லீனெ இன்னும் போய்ச் சேரவில்லை. எனக்குச் சொல்வதற்கு ஒரு கறியும் மிச்சமில்லை. பயந்துவிட்டேன்.

"மச்சான்," என்றேன். "குப்பைத்தொட்டி உன்னைவிடப் பெரிசில்லையடா. ஒருநாளும் இல்லை. நீ போனால் எனக்கு ஆரடா இருக்கு? கொஞ்சம் பொறு. இந்தா, வந்திட்டாள்."

அவன் முகத்தை மேலே திருப்பி, ட்ரோனை நேராகப் பார்த்தான். உதடுகள் மெதுவாக அசைந்தன. ஏதோ நீளமாகச் சொன்னான். அந்தக் கணத்தில் லீனெ பின்பக்கத்தால் போய் அவனைக் கட்டிப்பிடித்து, பட்டியை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"இழுக்கலாம்" என்றார் பிரெபன். எங்களிடம் ஆள் குறைவு. அவர் உறவினர் வரிசையைப் பார்த்தார். "யேஸ், உன் ஆட்களுக்கு இப்போது வேலை இருக்கிறது. கயிற்றைப் பிடிக்கச் சொல். மெதுவாக." நான் சொன்னேன். மெதுவாக என்ற சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் மாமிமார், சித்தப்பாமார், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கயிற்றில் தொங்கினார்கள். லீனெயும் பீலிக்ஸும் பனிக்கட்டியின்மேல் பறந்து வந்தார்கள். பிரெபன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார். கத்தியதும் தானே திடுக்கிட்டார். பீலிக்ஸை நேராகக் கிடத்தி, ஈர உடுப்பை வெட்டியெடுத்து, போர்த்து, அம்புலன்சில் ஏற்றினார்கள். கண் திறந்திருந்தது. ரீற்றா கூடவே ஏறினாள்.

அடுத்த நாள் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறை நிரம்ப ஆட்கள். தாதி ஒருவர் வந்து எல்லோரையும் கலைத்துவிட்டார். நான் மட்டும், உடன்பிறந்தவன் என்று சொல்லி, நின்றுகொண்டேன். பீலிக்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பிறகு அவன் சுவருக்குச் சொல்வதுபோலக் கேட்டான்:

"நான் கடைசியாச் சொன்னது உன்ரை மிஷினிலை கேட்டதுதானே?"

"அதுக்கு வாய் மட்டும்தான் மச்சான். காது இல்லை."

சட்டென்று திரும்பினான். இத்தனை வருடங்களில் அவன் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். "ஒண்டும் கேக்கேல்லையோ?"

"ஒரு சொல்லும் கேக்கேல்லை."

"நான் உன்னட்டை மன்னிப்புக் கேட்டனான்!" என்றான், நான்தான் பெரிய அநியாயம் செய்துவிட்டேன் என்ற குரலில்.

"அப்ப இப்ப ஒருக்காக் கேளன்."

"ஏலாது. அது சாகப்போறன் எண்டு நினைச்சுக் கேட்டது. இனித் திருப்பிக் கேக்க ஏலாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சரி விடு. வாய் அசைஞ்சதைக் கண்டனான். எனக்கு அது போதும்."

அவன் யோசித்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"உனக்குப் போதும். எனக்குக் காணாது," என்றான். "அதுக்குள்ளை உன்னை ஏசினதும் கன இடத்திலை கிடக்குது. எதுக்கு எப்ப வாய் அசைஞ்சதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? கதவைச் சாத்திப்போட்டு, அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரு. முதலிலையிருந்து சொல்லுறன்."

நான் கதவைச் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டேன்.